கிணற்றுக்கேற்ற வீட்டுத்தோட்டம்
தை, மாசி மாதங்களிற் செய்யவேண்டியவை

நெற்செய்கையில் ஈடுபட்ட குடும்பங்கள் பல, நெல் விற்ற பணத்தின் ஒரு பகுதியை வாரந்தோறும் சந்தையில் மரக்கறிக்குக் கொடுத்து வருகின்றன. வளவிலே வெறுநிலமும், பட்டியிலே எருவும், களத்திலே வைக்கோலும் இருக்க, கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் விலை கொடுப்பது சிக்கனமாகாது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐவரைக் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 2 கிலோகிராம் ஆகும். இவ்வளவையும் நாடோறும் விலைக்கு வாங்குவது சிறு கமக்காரருக்கு எளிதன்று. ஆதலால் மரக்கறி குறைகின்றது. சோறு மட்டும் மிகுகின்றது. அதனால் முதலிற் பாதிக்கப்படுவோர் கருவுற்ற பெண்களும் வளரும் பிள்ளைகளுமாவர்.

வீட்டுத்தோட்டத்தின் பயனை எடுத்துக்கூறல் இன்று அவசியமில்லை. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அடுத்த ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை ஏறியதையும் கண்டவர்கள் அதனை நன்கறிவர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பயிர் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கப்பட்டது. ஆயின் உலர் வலயத்தில் ஜூன் மாதம் சோளகக் காற்று வீசும் காலம். மண் இறுகி, கிணற்று நீர் கீழிறங்கும் காலம். தட்டுப்பாடு வந்த பின்னர் தொடங்கும் தோட்டம் அத்தட்டுப்பாட்டைத் தீர்க்காது. வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் ஏனைய உலர் வலயப் பகுதிகளிலும் தோட்டத்தைத் தை மாதத்தில் தொடங்குவதே முறை. அதனை எவ்வளவிற் தொடங்குவது, எவ்வாறு ஆவணி வரை காப்பது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

தை மாதம் ஏற்றதாவது ஏன்?

உலர் வலயத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து முடிகின்றது. தை பிறக்கும்போது மழை தணிந்துவிடும், ஆனால் மண்ணின் கீழ்ப்படையில் ஈரம் நிற்கும், கிணறுகளும் நிறைந்திருக்கும். இரவிற் குளிர்ச்சியும் பகலில் நல்ல வெயிலும் இருப்பதால் இளநாற்றுக்கள் வாடாமல் வேரூன்றும். மாசியில் நட்ட கத்தரி பங்குனி வெயிலுக்கு முன் வேரை ஆழமாகச் செலுத்திவிடும். சித்திரையில் நட்ட கத்தரியோ, வேர் பிடிக்கும் முன்னரே வெப்பத்துக்கும் காற்றுக்கும் இலக்காகும்.

மண்ணின் தன்மையும் இதற்கு மற்றொரு காரணமாகும். வன்னியிலும் கிழக்கிலும் பரந்து காணப்படும் செங்கபில மண், நனைந்தால் ஒட்டும். உலர்ந்தால் கல்லைப் போல் இறுகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில வாரங்கள் மட்டுமே நிலைக்கும். அப்பதம் தையிற் கிடைக்கின்றது. அதனைத் தவறவிட்டவர் மாசியின் பின் ஒரு பாத்தியைக் கொத்துவதற்கு இரு மடங்கு உழைக்க நேரிடும்.

காலபோக அறுவடையும் இம்மாதங்களிலேயே நடைபெறுவதால், அறுவடை முடியட்டும் என்று தோட்டவேலையைப் பின்தள்ளுவது வழக்கமாகிவிட்டது. நாற்றுமேடைக்கு வேண்டியது ஒரு காலைப்பொழுது மட்டுமே. அதனைத் தைப்பொங்கலை அடுத்த வாரத்திற் செய்துவிட்டால், நெல் வீடு சேரும்போது நாற்றுக்கள் நடுகைக்கு ஆயத்தமாயிருக்கும்.

தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது கிணறே

வீட்டுத்தோட்டங்கள் பல பயனற்றுப்போவதற்குக் காரணம் நிலக்குறைவோ உழைப்புக்குறைவோ அன்று. தையிற் கிணறு நிறைந்திருக்கக் கண்டு, அரைப் பரப்பு நிலத்தையும் கொத்தி நட்டுவிடுகின்றனர். வைகாசியில் நீர் கீழிறங்கியதும் எல்லாப் பாத்திகளுக்கும் அரைகுறையாக நீர் ஊற்றப்படுகின்றது. ஆனியில் எல்லாம் ஒருங்கே வாடுகின்றன. முழுதாக நீர் பெற்ற 5 பாத்திகள், அரைநீர் பெற்ற 10 பாத்திகளிலும் கூடிய விளைவைத் தரும். ஆகவே தோட்டத்தின் அளவை நிலத்தைப் பார்த்துத் தீர்மானித்தல் தவறு. தையில் நிற்கும் நீரைப் பார்த்துத் தீர்மானிப்பதும் தவறு. ஆவணி மாதத்தில் அக்கிணற்றில் ஊறும் நீரே சரியான அளவுகோலாகும்.

இதனைக் கணக்கிடும் முறை எளியது. உலர்ந்த காலத்தில் நன்கு வளர்ந்த மரக்கறிப் பயிர் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் ஆழமான நீரைச் செலவிடும். 4 அடி அகலமும் 20 அடி நீளமுங் கொண்ட பாத்தியின் பரப்பு ஏறக்குறைய 7.5 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் ஆழமாக நிற்கும் நீர் ஒரு லீற்றர் ஆகையால், அப்பாத்திக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் வரை வேண்டும். 10 லீற்றர் கொள்ளும் வாளியால் இது 4 வாளியாகும். 5 பாத்திகளுக்கு 20 வாளி.

குடிப்பதற்கும் சமையலுக்கும் குளிப்பதற்கும் கால்நடைக்கும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்குதல் வேண்டும். கடந்த ஆவணியில், காலையில் இறைத்த கிணறு மாலைக்குள் எவ்வளவு ஊறியது என்பதை வீட்டிலுள்ளோர் அறிவர். அதில் ஒதுக்கிய நீர் போக எஞ்சுவது 20 வாளியாயின் 5 பாத்திகள் போடலாம். 8 வாளியாயின் 2 பாத்திகள் மட்டுமே. ஆவணியில் கிணறு வற்றும் வளவுகளில், வைகாசிக்குள் விளைந்து முடியும் கீரை, வெண்டி, பயிற்றை ஆகியவற்றுடன் நிறுத்திக்கொள்ளுதல் தகும். இவ்வாண்டு தொடக்கம் கிணற்றுச் சுவரில் மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வந்தால், அடுத்த தையில் ஊகத்துக்கு இடமிராது.

பொதுவாக, ஐவரைக் கொண்ட குடும்பத்துக்கு மேற்கூறிய அளவில் 5 பாத்திகள் போதுமானவை. நடைபாதை உட்பட இது கால் பரப்புக்குள் அடங்கும். 16 பரப்பு ஓர் ஏக்கராகையால், இது ஏக்கரின் 64இல் ஒரு பங்காகும். குடும்பத்தின் மரக்கறித் தேவை முழுவதையும் இது நிறைவேற்றாது. ஆயினும் பெரும்பாலான நாள்களில் ஒரு கறிக்கும் ஒரு கீரைக்கும் சந்தையை நாடவேண்டியிராது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், மன்னார், மட்டக்களப்புக் கரையோரங்களிலும் வேறொரு காரணத்துக்காகவும் இவ்வளவைப் பேணுதல் வேண்டும். குடாநாட்டிலே சுண்ணாம்புக் கல்லினுள்ளும், கரையோரங்களிலே மணலினுள்ளும், உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர்க் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் பல அடி மேலேறும் என்பது இதனாற் பெறப்படும். துலாவால் இறைத்த காலத்தில் இறைப்பவரின் உடல்வலுவே எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. இயந்திரம் உடையோர் ஒரே முறையில் நீண்ட நேரம் இறைக்காது, காலையும் மாலையும் சிறிது நேரம் இறைத்தல் நன்று. ஒருமுறை உவரேறிய கிணறு, நல்ல மழை கண்டாலன்றித் தெளியாது. அதனால் இழக்கப்படுவது குடிநீருமாகும்.

இடமும் பாத்தியும்

நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தெரிதல் வேண்டும். மா, பலா, வேம்பு ஆகிய பெருமரங்களின் அருகே பாத்தி போடுதலாகாது. நிழலைக் காட்டிலும் அவற்றின் வேர்களே கூடிய கேடு செய்யும். சமையலறையிலிருந்து பார்வைக்குத் தெரியும் இடம் மிக நன்று. கண்ணிற் படும் தோட்டத்துக்கே நீரும் கிடைக்கும். கோழியும் ஆடும் புகுந்தால் உடனே தெரியவரும்.

மண்ணின் பதத்தை அறிய, ஒரு மண்வெட்டி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து நிலத்தில் விழவிடுக. உருண்டை உதிர்ந்தால் கொத்துவதற்குப் பதம் சரி. தட்டையாக ஒட்டிக்கொண்டால் மேலும் சில நாள்கள் பொறுத்தல் வேண்டும். உருண்டையாகப் பிடிக்கவே இயலாதாயின் முதல்நாள் மாலையில் நீர் ஊற்றி மறுநாள் கொத்துக.

9 அங்குல ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, கோரைக் கிழங்குகளையும் அறுகம்புல் வேர்களையும் பொறுக்கி அகற்றல் வேண்டும். பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. இருபக்கத்திலும் நின்று, உள்ளே மிதியாமல் களை பிடுங்குவதற்கு இவ்வகலமே ஏற்றது.

மாரியில் உயர்மேடைப் பாத்தி போடுவது போல் இப்போது போடுதல் கூடாது. மாரியில் மிகைநீர் வடிதல் வேண்டும். கோடையில் ஊற்றிய நீர் நிற்றல் வேண்டும். ஆதலால் பாத்தியை நிலமட்டத்திலிருந்து 2 அல்லது 3 அங்குலம் தாழ்த்தி, சுற்றிலும் 6 அங்குல உயரத்தில் வரம்பு கட்டுக. நீர் ஓடி வீணாகாது வேரடியிலேயே சுவறும்.

எருவும் வைக்கோலும்

ஒவ்வொரு பாத்திக்கும் நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 15 கிலோகிராம், அதாவது பெரிய கூடையால் ஒன்று அல்லது இரண்டு, இட்டு மேல்மண்ணுடன் கலத்தல் வேண்டும். மணற்பாங்கான நிலத்துக்கு இதன் இரு மடங்கு வேண்டும். பச்சைச் சாணத்தை நேரே இடுதல் தகாது. அது உக்கும்போது வெப்பமுண்டாகி இளவேர் கருகும். களை விதைகளும் முளைக்கும்.

வேலியிலுள்ள சீமைக்கிளுவை, பூவரசு, கிளுவை ஆகியவற்றின் இலைகள் நல்ல பசுந்தாட் பசளையாகும். நடுகைக்கு 2 அல்லது 3 வாரங்களுக்கு முன் இவற்றை வெட்டிப் பாத்தியிற் புதைத்து நீர் ஊற்றினால் நடும்போது உக்கிவிடும்.

சூடு மிதித்தபின் களத்தில் வைக்கோலைக் கொளுத்தும் வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும். அங்கே எரிவது தோட்டத்தின் கோடைநீர் எனலாம். நாற்று நட்டு வேர் பிடித்தபின், பாத்தி முழுவதும் 2 அங்குலத் தடிப்பில் வைக்கோல் பரப்பினால், வெயிலால் ஆவியாகும் நீர் பெருமளவு மிஞ்சும். களை முளைப்பதும் குறையும். போகமுடிவில் அதே வைக்கோல் மண்ணுக்கு எருவாகும். அறுவடைக் காலத்திலேயே 5 பாத்திகளுக்கு வேண்டிய வைக்கோலை வளவில் ஒரு மூலையிற் சேர்த்து வைத்துக்கொள்க.

விதையும் நாற்றுமேடையும்

விதைகளை விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையங்களிற் பெறலாம். கத்தரியில் திருநெல்வேலி ஊதா, பாகலில் திருநெல்வேலி வெள்ளை, மிளகாயில் எம்.ஐ. 2, வெண்டியில் எம்.ஐ. 7 ஆகியன திணைக்களத்தால் வெளியிடப்பட்ட இனங்களாகும். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். இவை கலப்பினங்கள் அல்லவாகையால், நல்ல செடிகளில் முதிர்ந்த காய்களை விட்டு அடுத்த போகத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். கலப்பின விதையில் விளைந்த காயின் விதை, தாய்ச்செடியின் குணத்தைத் தராது.

வீட்டில் வைத்திருந்த விதையாயின், 20 விதைகளை ஈரத்துணியிற் சுற்றிவைத்துச் சோதித்தல் வேண்டும். 15க்குக் குறைவாக முளைத்தால் அவ்விதையை நம்பி நாற்றுமேடை போடுதல் கூடாது.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றையும் நாற்றுமேடையிலிட்டு நடுதல் வேண்டும். இவற்றுக்கு 3 அடி அகலமும் 6 அடி நீளமுங் கொண்ட ஒரு மேடை போதுமானது. நாற்றழுகல் நோயைத் தடுக்க, மேடையின்மீது வைக்கோலும் உமியும் மாறி மாறி 2 அங்குலத் தடிப்பில் அடுக்கி, காற்று வீசும் திசைக்கு எதிராகத் தீ செல்லுமாறு எரித்தல் வேண்டும். தீ மெதுவாகச் செல்லும்போதே வெப்பம் மண்ணுக்குள் இறங்கிப் பங்கசுக்களை அழிக்கும். மேடை ஆறியபின் சாம்பலை அகற்றி, 4 அங்குல இடைவெளியில் கோடு கீறி, அரை அங்குல ஆழத்தில் விதையிட்டு மூடி, மெல்லிய வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்குக. முளை தோன்றியவுடன் அவ்வைக்கோலை அகற்றல் இன்றியமையாதது. தக்காளி நாற்று 3 வாரத்திலும், கத்தரி, மிளகாய் நாற்றுக்கள் 4 வாரத்திலும் நடுகைக்கு ஏற்றனவாகும். நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னிருந்து நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாற்று உரம் பெறும்.

ஐந்து பாத்திகளில் நடவேண்டியவை

முதலாம் பாத்தி: ஒரு பாதியிற் கத்தரி 10 செடி, மறுபாதியில் மிளகாய் 12 குழி. கத்தரிக்கு வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 2 அடி. மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி. கத்தரி நட்டு 60 முதல் 70 நாள்களிற் காய் தரும். தொடர்ந்து பல மாதம் பறிக்கலாம்.

இரண்டாம் பாத்தி: வெண்டி. 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் 20 குழி. குழிக்கு 2 செடி. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து நேரடியாக ஊன்றுக. 50 நாளளவிற் காய் பறிக்கலாம். ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தல் வேண்டும்; முற்றவிட்டால் அடுத்த காய் குறையும்.

மூன்றாம் பாத்தி: பயிற்றை. இரு வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழியாக ஊன்றி, 6 அடி உயரத் தடி நட்டுக் கொடி ஏற்றுக. இதன் வேர் முடிச்சுக்களில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்குமாகையால், அடுத்த போகத்தில் இப்பாத்தி கத்தரிக்கு ஏற்றதாகும்.

நான்காம் பாத்தி: கீரை வகைகள். பாத்தியை 5 அடி நீளமான 4 துண்டுகளாகப் பிரித்து, 10 நாளுக்கு ஒரு துண்டாக விதைக்குக. முளைக்கீரை 25 நாளளவிற் பிடுங்கத்தக்கதாகும். நான்காம் துண்டை விதைக்கும்போது முதலாந் துண்டு கறிக்கு வந்துவிடும். ஒரே நாளில் முழுப்பாத்தியையும் விதைத்தவர், ஒரு வாரம் கீரை மிகுந்தும் பின்னர் ஒரு மாதம் இன்றியும் இருப்பர். பசளி, பொன்னாங்காணி ஆகியவற்றை ஓரத்தில் நட்டு வெட்டி வெட்டிப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் பாத்தி: தக்காளி, இரண்டரை அடிக்கு 2 அடி. கடும் வெப்பத்தில் இதன் பூக்கள் உதிருமாதலால், மாசியின் தொடக்கத்திலேயே நட்டு முடித்தல் வேண்டும். காய்ப்பு ஓய்ந்ததும் செடிகளை அகற்றிப் பயறு விதைத்தால் மண் வளம் பெறும்.

வேலியோரம்: பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றை ஓரடிக் குழிகளில் எருவிட்டு ஊன்றிப் பந்தலில் ஏற்றுக. ஒவ்வொன்றிலும் 2 குழி போதும். கிணற்றடியில் குளித்த நீர் செல்லும் வழியில் வாழை நடுக. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாசி ஆகியன வளவின் ஓரங்களில் நிற்றல் வேண்டும். கோடை எவ்வளவு கடுமையாயினும் முருங்கையிலும் அகத்தியிலும் இலை கிடைக்கும்.

நடுகையும் நீர்ப்பாய்ச்சலும்

நாற்றுக்களை மாலைவேளையில் நட்டு, 3 அல்லது 4 நாள்களுக்குத் தென்னோலையாலோ பூவரசங் கொப்பாலோ நிழல் செய்க. நட்ட முதல் 2 வாரம் நாடோறும் சிறிதளவு நீர் வேண்டும். அதன்பின் செம்மண்ணிலும் செங்கபில மண்ணிலும் 3 நாளுக்கு ஒருமுறை, அம்மூன்று நாளுக்கும் உரிய நீரை ஒருங்கே ஊற்றுதல் மேலானது. நாடோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேற்படையிலேயே நிற்கும். ஒருநாள் தவறினாலும் செடி வாடும். ஆழ ஊறும் நீரைத் தேடி வேரும் ஆழச் செல்லும். மணல் நிலம் நீரைப் பிடித்து வைக்காதாகையால், அங்கு நாடோறும் ஊற்றுதல் வேண்டும். நீர் ஊற்றும் நேரம் அதிகாலை அல்லது வெயில் தாழ்ந்த மாலை.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகம், வெயிலிலும் கூடுதலாக ஈரத்தைக் கவரும். தோட்டத்தின் தென்மேற்குப் புறத்தில் கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி இருத்தல் வேண்டும். அடைப்புக்கு வாய்ப்பற்ற இடத்தில், மாசியிலேயே 2 வரிசை மரவள்ளி நட்டால் வைகாசியில் அது காற்றைத் தடுக்கும். பின்னர் கிழங்கும் தரும்.

பூச்சியும் நோயும்

சிறு தோட்டத்தின் பெரும் நன்மை, ஒவ்வொரு செடியையும் நாடோறும் கண்ணால் பார்க்க இயல்வதாகும். ஆதலால் இங்கு நச்சு மருந்து தெளிக்கவேண்டிய தேவை மிகக் குறைவு. வீட்டாரே பறித்து உடனே உண்ணும் காய்கறிகளில் அது ஆபத்துமாகும்.

கத்தரியின் குருத்து வாடித் தொங்கினால், உள்ளே புழு துளைத்துள்ளது எனக் கொள்க. அக்குருத்தை ஓரங்குலம் கீழே வெட்டி எரித்தல் வேண்டும். வெட்டி நிலத்திற் போட்டால் புழு அடுத்த செடிக்குச் செல்லும். புழுத்த காய்களையும் அவ்வாறே அழிக்க. பாகல், புடோல் பிஞ்சுகளைக் கடதாசியாற் சுற்றிக் கட்டினால் பழ ஈ முட்டையிடாது. வெண்டியின் இலை நரம்புகள் மஞ்சளாகிப் பின்னலாகத் தோன்றினால் அது வைரசு நோய். வெண்ணீ அதனைப் பரப்பும். அச்செடிக்கு மருந்தில்லை, கண்டவுடன் பிடுங்கி எரிக்க. தக்காளியோ கத்தரியோ இலை பச்சையாயிருக்கத் திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்க்க. பால்போன்ற கசிவு இறங்கின் அது பற்றீரியா வாடல் நோய். அவ்விடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி எதனையும் மூன்றாண்டுகளாவது நடுதல் கூடாது. நோயில்லாத பாத்திகளிலும் இம்மூன்றையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடுதலைத் தவிர்க்க.

அழுக்கணவன், வெண்ணீ, சிறு புழுக்கள் மிகுந்தால் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் கீழ்ப்புறமும் படுமாறு தெளிக்குக. ஊறிய கரைசலை அன்றே பயன்படுத்தல் வேண்டும்.

கிணற்று நீரைக் காத்தல்

தோட்டத்துக்கு நீர் தரும் கிணறே பெரும்பாலான வீடுகளில் குடிநீரையும் தருகின்றது. மண்ணிலிட்ட மிகைப் பசளை நீருடன் கரைந்து மீண்டும் கிணற்றை அடையும். யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளமை ஆராய்ச்சிகளிற் காணப்பட்டது. யூரியா முதலிய பசளைகளை மிகையாக இடுவதும், மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்களாம். இந்நீரிற் கரைத்த பால்மா, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதி உயிர்வளியைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கவல்லது. நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.

ஆகவே வீட்டுத்தோட்டத்தின் முதற் பசளை உக்கிய எருவாகவே இருக்கட்டும். இரசாயனப் பசளை இடவேண்டுமாயின் மண் பரிசோதனையின்படி, சிபார்சு செய்யப்பட்ட அளவை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து இடுக. இட்டவுடன் பாத்தி நிரம்ப நீர் விடுதல் கூடாது. எருக்கும்பியும் கூட்டெருக் குழியும் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் இருத்தல் வேண்டும். பூச்சிநாசினிப் போத்தல்களையும் தெளிகருவிகளையும் கிணற்றடியிற் கழுவுதல் ஒருபோதும் கூடாது.

மாதவாரி வேலைகள்

தை: நாற்றுமேடை போடுதல், கொத்துதல், எருவிடுதல், வைக்கோல் சேர்த்தல், வெண்டி, பயிற்றை, கீரை விதைத்தல்.

மாசி: தக்காளி, கத்தரி, மிளகாய் நடுதல், பந்தற் பயிர் ஊன்றல், காற்றுத் தடைக்கு மரவள்ளி நடுதல்.

பங்குனி, சித்திரை: வைக்கோல் பரப்பல், கீரை, வெண்டி, பயிற்றை பறித்தல், இடையில் மழை கிடைத்தால் அன்று இறைப்பை நிறுத்தல்.

வைகாசி முதல் ஆவணி வரை: காற்றுத் தடையைப் பேணல், காய்ப்பு ஓய்ந்த பாத்திகளுக்கு நீரை நிறுத்திக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் முதலிடங் கொடுத்தல், விதைக்காய்களை முதிரவிடல்.

புரட்டாதி: பழைய செடிகளை அகற்றல்; வைக்கோலை மண்ணிற் புதைத்தல்; மாரிக்கு உயர்மேடைப் பாத்தி ஆயத்தஞ் செய்தல்.

முதன்முறையாகத் தொடங்குவோர் 5 பாத்திகளையும் ஒரே ஆண்டிற் போடவேண்டுமென்பதில்லை. இவ்வாண்டு 2 பாத்தி போட்டு, அவற்றை ஆவணி வரை பச்சையாகக் காத்தவர், அடுத்த ஆண்டு தம் கிணற்றின் வலுவை அறிந்தே மூன்றாவதைக் கொத்துவர். மேலதிக ஆலோசனைக்கு அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ, பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரித்தறிக. அவரிடம் செல்லும்போது நோயுற்ற செடியொன்றை வேருடன் பிடுங்கி எடுத்துச் செல்லுதல் நன்று; வாயாற் கூறுவதிலும் செடியைக் காட்டினால் நோயைத் திட்டமாக அறியலாம்.